பார்த்தால் போதுமா, பந்தை உதைக்க வேண்டாமா?

2014-ல் இந்தியன் சூப்பர் லீகோடு பிறந்த சென்னையின் எஃப்.சி. அணி, மறு வருஷமே கோப்பையைத் தூக்கியது. 2018-ல் மறுபடியும்! தவளக்குப்பத்தில் டி.வி. முன் உட்கார்ந்து கைதட்டும் அப்பா, அம்மாக்களே... உங்கள் பிள்ளை கடைசியாகப் பந்தை உதைத்தது எப்போது?

5 முதல் 17 வயதுக்காரர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம், எலும்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் அது நல்லது. நாமோ அந்த நேரத்தையும் டியூஷனுக்குக் கொடுத்துவிடுகிறோம். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் பந்து?' என்று வேறு தடுக்கிறோம்.

கிளப்பை நட்சத்திரங்கள் வாங்கலாம். ஆட்டக்காரர்களை நம் வீடுகள்தான் தரணும். வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் பாட்டிலோடு மைதானத்துக்கு அனுப்புங்கள். டியூஷன் ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது!