பல்லை அடைக்கும் முன் அந்தத் தாளைப் படியுங்கள்

சென்ற ஆண்டு என் எட்டு வயது மகளின் கடைவாய்ப் பல்லில் இருந்த சொத்தையை அடைக்க, சான் ஹோசே அருகே ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வரவேற்பு மேசையில் நீட்டிய தாள்கள் அனைத்திலும் கையெழுத்திட்டேன். வீடு திரும்பிய பின்னரே அவற்றுள் ஒன்றைப் படித்தேன். அடைப்புப் பொருள்களின் நிறைகுறைகளை விளக்கும், கலிபோர்னியா பல் மருத்துவ வாரியத்தின் தகவல் ஏடு அது. சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு அதைத் தரவேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். அலுவலகத்தில் ஒரு வரி நிரலை மாற்றக்கூட மூவரிடம் ஒப்புதல் கேட்கும் நான், மகளின் வாயில் வெள்ளி அடைப்பு வைக்கப் படிக்காமலே இசைந்திருந்தேன்.

வெள்ளி அடைப்பு என்று நாம் அழைக்கும் அமால்கத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பாதரசம் தமிழருக்குப் புதிய சொல் அன்று. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டு, 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையை நாம் மறக்கவில்லை. ஆயினும் ஆலையின் பாதரசத்தையும் பல்லின் பாதரசத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. சிறுவர்களிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள், அமால்கத்தால் அறிவுத்திறனோ நரம்பு மண்டலமோ பாதிக்கப்பட்டதாகக் காணவில்லை.

இருப்பினும், கருவுற்றோர், கருவுற எண்ணுவோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள் (குறிப்பாக 6 வயதுக்குட்பட்டோர்), நரம்பு நோயாளிகள், சிறுநீரகக் குறைபாடு உள்ளோர் ஆகியோருக்கு இயன்றவரை அமால்கத்தைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் பரிந்துரைத்தது. நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பைத் தேவையின்றி அகற்ற வேண்டாம் என்றும் அது கூறியது. அகற்றும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக வெளிப்படும். நல்ல பல்லும் சிறிது கரையும். 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், 2034க்குள் அமால்கப் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர இசைந்துள்ளன.

மாற்று உண்டு, குறையற்ற மாற்று இல்லை. பல்லின் நிறத்தில் அமையும் கம்போசிட் அடைப்பை ஈரமில்லாமல் நிதானமாக வைக்கவேண்டும். கடைவாய்ப் பற்களில் அது அமால்கத்தை விட விரைவில் பழுதாகிறது. அதன் ஓரத்தில் மீண்டும் சொத்தை விழும் வாய்ப்பும் கூடுதல். கண்ணாடி அயனோமர் ஃபுளூரைடைக் கசியவிடும். பால் பற்களுக்கு ஏற்றது. ஆனால் மெல்லும் அழுத்தத்தில் எளிதில் தேயும்.

உண்மையான சிக்கல் காப்பீட்டில் இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் கம்போசிட் வைத்தாலும், பல திட்டங்கள் அமால்கத்திற்கான தொகையை மட்டுமே தருகின்றன. மீதி நம் பையிலிருந்து போகிறது. குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் தவிர்க்கச் சொன்ன பொருளையே மலிவான வழியாகக் காட்டுவது எவ்வகையில் முறை? நல்ல வேலையில் இருக்கும் என் போன்றோர் அந்த வேறுபாட்டைச் செலுத்திவிடலாம். விருந்தினராக வந்து காப்பீடின்றித் தங்கியிருக்கும் பெற்றோரும், ஒற்றைச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களும் என் செய்வர்?

ஆகவே நண்பர்களே, நியூ ஜெர்சியாயினும் டெக்சாஸாயினும், நாற்காலியில் சாயுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பொருள்? ஏன் அது? என் பங்கு எவ்வளவு? கருவுற்றிருந்தால் தயங்காமல் முதலிலேயே சொல்லுங்கள். ஆண்டுதோறும் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்வு செய்யும் காலத்தில், இந்த விதியை நீக்குமாறு உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது கடிதம். நூறு பேர் எழுதினால் அது கோரிக்கை.

என் மகளின் அடைப்பு நன்றாகவே இருக்கிறது. அதை அகற்றப் போவதில்லை. அடுத்த தாளைப் படித்த பின்னரே கையெழுத்திடுவேன்.