நூற்றுக்கு ஐந்து பரிசு, நூற்றுக்கு ஐம்பது வட்டி!

நாகூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு நோட்டீஸை நீட்டினார். பெரிய கடை ஒன்று பாங்கோடு சேர்ந்து கொடுக்கும் கிரெடிட் கார்டின் நோட்டீஸ் அது. "மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் பேரில் ஒன்று வாங்கினால் வீட்டுக்கும் ஆகும் என்கிறான். சாமான் வாங்க வாங்கப் பரிசுப் புள்ளியாம். வாங்கலாமா, தோழர்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நியாயமாகவே பதில் சொல்லுவோம்.

இந்த வியாபாரம் புதிதல்ல. அமேசான் 2018ல் ஐசிஐசிஐ பாங்கோடு கூட்டுச் சேர்ந்தது. பிளிப்கார்ட் 2019ல் ஆக்சிஸ் பாங்கோடு சேர்ந்தது. ரிலையன்ஸ் 2023ல் எஸ்பிஐ கார்டு கம்பெனியோடு கைகோத்தது. கடைக்குக் கைவிட்டுப் போகாத வாடிக்கைக்காரன் வேண்டும். பாங்குக்கு வட்டி வேண்டும். இரண்டுக்கும் ஒரே அட்டை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பரிசு நூற்றுக்கு ஐந்து என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 500 ரூபாய் பரிசு. குறித்த தேதிக்குள் 10,000 ரூபாயையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. இது உண்மை, இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனால் கட்ட முடியாவிட்டால்? பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவிகிதம், அதற்கும் மேல். அதாவது 350 ரூபாய். அந்த வட்டியின்மேல் சர்க்காருக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி, 63 ரூபாய். ஆக, மாதம் 413 ரூபாய். இரண்டாவது மாதம் முடிவதற்குள் பரிசு முழுவதும் போய், கைக்காசும் போகிறது. வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பது! தாமதக் கட்டணம் தனி.

"குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்" என்று பில்லில் ஆறுதலும் எழுதியிருக்கும். பாக்கியில் 5 சதவிகிதம், அதாவது 500 ரூபாய் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 413 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போகிறது. அசலில் கழிவது 87 ரூபாய்! பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி. கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தாலும் எடுத்த நாள் முதலே வட்டி.

தேதி தவறாத கடன், தேதி இல்லாத கூலி

மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவனை மனதில் வைத்துச் செய்த அட்டை இது. நம் கூலிக்கு ஏது தேதி? மேட்டூர் திறந்து காவிரி கடைமடைக்கு வந்தால்தான் நடவு. சம்பா அறுப்பு முடிந்தால் அடுத்த தண்ணீர் வரும்வரை வயல் காய்கிறது. அறுப்பையும் இயந்திரம் கொண்டுபோய்விட்டது. மில் தொழிலாளிக்கோ, ஆர்டர் இல்லை என்றால் லே-ஆஃப். காவிரிக்காகப் பில் தேதி காத்திருக்குமா? கந்தூரிக்குத் துணி எடுத்த கடன் மாசி பங்குனியில் நிற்கும். வட்டி மட்டும் லே-ஆஃப் இல்லாமல் ஓடும்!

தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகள் 'துண்டு' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். தொழிலாளியின் கடனை எழுதிய காகிதம் அது. கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்குத்தான் ஆள் போகலாம். கடனும் கூடவே போகும். அந்தத் துண்டு 1921ல் ஒழிந்தது. இன்று ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு 'மாற்றித் தருகிறோம்' என்று பாங்குக்காரன் போன் செய்கிறான். காகிதம் பிளாஸ்டிக் ஆகியிருக்கிறது. கடன் அன்றுபோலவே ஆளோடு போகிறது.

சட்டம் யார் பக்கம்?

கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ல் சட்டம் வந்தது. தெருவில் வட்டிக்கு விடுகிறவன் மீது அது பாயும்; பாங்கு மீது பாயாது. 30 சதவிகிதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறைகேடான வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008ல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர் 20ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. வட்டி விஷயம் ரிசர்வ் பாங்கைச் சேர்ந்தது, கமிஷனுக்கு அதில் அதிகாரம் இல்லை என்றது. அப்படியானால் ரிசர்வ் பாங்கு உச்சவரம்பு விதிக்கட்டும் என்று கேட்கிறோம். ஏழைக்கு ஒரு வட்டிச் சட்டம், பாங்குக்கு இன்னொன்றா?

பரிசு யாருடைய பணம்?

கடைகளிடம் வாங்கும் கமிஷனிலிருந்தும், பாக்கி வைத்தவன் கட்டும் வட்டியிலிருந்தும்தான் பரிசு வருகிறது. தேதி தவறாமல் கட்டும் வசதிக்காரன் வாங்கும் பரிசில், தவறவிட்ட தொழிலாளியின் பணமும் இருக்கிறது.

வாங்கியவனுக்கு லாபத்தில் பங்கு என்ற எண்ணம் முதலாளிகள் கண்டுபிடித்ததா? இல்லை! 1844ல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் தங்கள் காசைச் சேர்த்துக் கடை வைத்தார்கள். வாங்கிய அளவுக்கு லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரொக்க வியாபாரம், சரியான எடை, கடன் இல்லை. அந்தப் பங்கைத்தான் இன்று கடனில் முக்கிப் 'பரிசு' என்று நீட்டுகிறார்கள்.

நம் பதில்

தோழரே, உங்கள் மகனுக்கு மாதச் சம்பளம் தவறாமல் வருகிறதா? பில் முழுவதையும் ஒவ்வொரு மாதமும் கட்ட முடியுமா? எப்படியும் வாங்க வேண்டிய சாமானைத்தான் வாங்குவானா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வாங்கட்டும். ஆண்டுக் கட்டணத்தையும் வட்டியையும் முதலில் படித்துவிட்டு வாங்கட்டும். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வேண்டாம். வயல் கூலியை நம்பி இந்தக் கார்டைத் தொடவே வேண்டாம்.

கேட்காமலே கார்டு அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் 2022ம் வருஷத்து உத்தரவு. அனுப்பிக் கட்டணமும் போட்டால், அதை ரத்துச் செய்து இருமடங்கு அபராதம் தர வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கூலி போதாத இடத்தில்தான் கடன் நுழைகிறது. நமக்கு வேண்டியது புள்ளி அல்ல, கூலி!