நாங்கள் கேட்காத முள்

எங்கள் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. மடையிலிருந்து கலுங்கு வரைக்கும் சீமைக்கருவேலம். வரத்துக்காலில் சீமைக்கருவேலம். வரப்பில், சுடுகாட்டுப் பாதையில், ஆள் போன வீட்டின் அடுப்படியில், எங்கும் அதுவே. ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்த ஊர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் இறங்கும்வரை இந்த ஒரு மரம்தான் கூடவே வரும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, "வறண்ட சீமை என்றார்கள், இவ்வளவு பச்சையாக இருக்கிறதே" என்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த மரத்தை நாங்கள் கேட்டோமா? 1876-ல் மதராஸ் மாகாணத்து வன அதிகாரி பெட்டோம் இதன் விதையை வரவழைக்கச் சொல்லி வருவாய்த் துறைக்கு எழுதினார். மறு ஆண்டே கடப்பா பக்கம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். அமெரிக்கக் கண்டத்தில் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்த மரம் நம் மண்ணுக்கு வந்தது இப்படித்தான். சுதந்திரம் வந்த பிறகும் புத்தி மாறவில்லை. ஐம்பது, அறுபதுகளில் விறகுப் பஞ்சம் தீரும் என்று சொல்லித் தென்மாவட்டங்களில் பரப்பினார்கள். வெள்ளைக்காரன் ஆண்டபோதும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மவர்கள் ஆண்டபோதும் கேட்கவில்லை. இங்கே என்ன முளைக்கலாம் என்பதை, இந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தறியாதவர்கள் முடிவு செய்தார்கள்.

விறகு கிடைத்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது இதனால்தான். கரிமூட்டத்துக் கூலியில் அரிசி வாங்கியதும் உண்மை. அந்தக் கூலி எப்படி வருகிறது என்பதையும் கேளுங்கள். வெட்டிய கட்டையை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசித் தீ வைத்தால் மூட்டம் நாள் கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே கிடக்கும். மேலே ஓட்டை விழுந்தால் காற்றுப் புகுந்து கட்டையெல்லாம் சாம்பல். அதனால் ராத்திரியும் கண்விழித்து மண் அப்ப வேண்டும். மூட்டம் பிரித்த பிறகு பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து கரியைப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். மூக்கைச் சிந்தினால் கறுப்பு, காறித் துப்பினால் கறுப்பு. சொந்த நிலத்தில் நெல்லும் முண்டு மிளகாயும் விளைவித்த குடும்பத்துப் பெண்கள் அவர்கள். வயலைப் பறித்துக்கொண்டு கரியைக் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பிழைப்பு கொடுத்ததாக யாரும் எங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டாம்.

போனது வயல் மட்டுமா? இந்தக் கரையில் என் அப்பத்தா காலத்தில் இருந்தவற்றைச் சொல்கிறேன். குடை பிடித்தாற்போல் நிற்கும் உடைமரம். வெள்வேல், நாட்டுக்கருவேல், வன்னி, விடத்தலை, இலந்தை. அடியில் சங்கஞ்செடி, காரை, ஆவாரை. தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல்லும் அறுகும். நடவுக்கு முன்னால் கொழுஞ்சியைப் பிடுங்கி வந்து சேற்றில் மிதித்தால் போதும், மூட்டை உரத்துக்குக் கடைவாசலில் நிற்க வேண்டியதில்லை. இதில் வன்னி, சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனாலும் வன்னியின் கீழே கம்பும் பயறும் விளையும். உடைமரத்து நிழலில் புல் இருக்கும், ஆடு படுக்கும், ஆளும் துண்டை விரிக்கலாம். சீமைக்கருவேலத்தின் அடியில் போய்ப் பாருங்கள். உதிர்ந்த இலையிலிருந்து இறங்கும் சாறு மற்ற விதைகளை முளைக்க விடாது. தப்பி முளைத்தாலும் வெயில் கிடைக்காது. பக்கத்தில் கிடக்கிற ஈரத்தையும் வேர் குடித்துவிடும். கீழே வெறும் தரையும் உதிர்ந்த முள்ளும்தான் கிடக்கும். இன்று என் பேரனுக்கு விடத்தலையைக் காட்ட வேண்டுமென்றால் ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த முள்ளைப் பற்றி எங்கள் கால்களைக் கேளுங்கள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். முனை உள்ளே முறிந்துவிட்டால் குதிகால் சீழ் வைத்து, நாலு நாளைக்கு வேலைக்குப் போக முடியாது. எருக்கம்பாலைத் தடவி, ஊக்கைச் சுட்டுக் கிண்டி எடுக்கும்போது பெரியவர்களே கத்திவிடுவார்கள்.

நெஞ்சு பொறுக்காதது இன்னொன்று உண்டு. இந்தப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவது தொன்றுதொட்ட வழக்கம். ராத்திரி முழுக்க ஆடு அடைந்து கிடந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்காக ஆட்டு மந்தை வைத்திருக்கும் கீதாரிக்குக் காசும் நெல்லும் கொடுத்து அழைத்து வருவோம். மேய்ச்சல் புல் போன பிறகு ஆடு வேறென்ன தின்னும்? மஞ்சளாகப் பழுத்து உதிர்கிற, இனிப்பான சீமைக்கருவேலங்காயைத் தின்கிறது. கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் விதைகளில் பல வயிற்றில் அரைபடாமல் புழுக்கையோடு வயலில் விழுகின்றன. ஒரு மழை பெய்ததும் போய்ப் பாருங்கள், புழுக்கை கிடந்த இடத்தில் இரண்டிலைக் கன்றுகள். எங்கள் ஆட்டையும் எங்கள் உரத்தையும் கொண்டே எங்கள் வயலில் இது குடியேறுகிறது. ஒரு வருஷம் தரிசு போட்டால் கன்று இடுப்புயரம். மூன்று வருஷம் விட்டால் அந்த நிலம் கைவிட்டுப் போனது என்று அர்த்தம். இயந்திரம் வைத்துத் திருத்த ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, வந்த விலைக்கு விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

கென்யாவில் பரிங்கோ ஏரிப் பக்கத்து மேய்ச்சல்காரர்களுக்கும் இதே கதி. அங்கேயும் பாலைவனம் பரவாமல் தடுக்கிறோம் என்று திட்டம் போட்டு இதைக் கொண்டுவந்தார்கள். காயைத் தின்று தின்று அவர்களுடைய ஆடுகளுக்குப் பல் போயிற்று. 2006-ல் அவர்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், பல் போன ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அந்த மனிதர்களின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மரம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படிப்பட்ட கதைகள்தான் எங்கள் நியாயத்தைக் கெடுக்கின்றன. கதையைப் பொய் என்று நிரூபித்துவிட்டு, எங்கள் குறையையும் பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பட்டுப்போன புல்லும் அடைபட்ட வரத்துக்காலும் போதாதா சாட்சிக்கு?

2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றச் சொன்னது. ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. விடிந்தது என்றே நினைத்தோம். சில மாதங்களில் இடைக்காலத் தடை வந்தது, பிறகு தடையும் விலகியது. அதற்குள் அந்த வேகம் அடங்கிப்போயிற்று. 2022-ல் அந்நியத் தாவரங்களை ஒழிக்கவும் நம் இயற்கையை மீட்கவும் மாநில அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. நல்ல கொள்கைதான். அது எங்கள் கண்மாய்க்கு எப்போது வந்து சேரும்?

எங்கள் கண்மாயில் நடந்ததைக் கேளுங்கள். மரத்தை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் விலைபோகும் கட்டையை மட்டும் முழங்கால் உயரத்தில் வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். தூரைத் தோண்டவில்லை, உதிர்ந்த காயைக் கூட்டவில்லை. அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரும் புதர் புதராகத் துளிர்த்துவிட்டது. முன்பு ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் இப்போது கை நுழையாத அடர்த்தி. ஏலப் பணம் வரவாகிவிட்டது. முள் எங்களுக்கு மிச்சம். சில வருஷம் கழித்து மறுபடி வெட்டலாம், மறுபடி ஏலம் விடலாம் என்று இருப்பவர்களுக்கு இது அழியவா வேண்டும்?

வெட்டுகிற வேகத்தில் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்களில் கொக்கும் நாரையும் கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. நாட்டுக்கருவேலம் குறைந்த இடத்தில் சீமைக்கருவேலத்திலும் கட்டத்தான் செய்கின்றன, அவை வேறு எங்கே போகும்? அங்கே முதலில் நாட்டு மரத்தை வளர்த்துவிட்டு, கூடு கட்டாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். கரிமூட்டத்தை நம்பியிருக்கும் பெண்களுக்கு மரத்தை அகற்றும் வேலையிலேயே கூலி கொடுக்க வேண்டும். எங்களை மறுபடியும் ஒரு ராத்திரியில் தெருவில் நிறுத்திவிடாதீர்கள்.

அதிகாரத்தில் இருக்கும் அய்யாக்களே, அம்மாக்களே, நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஏலத்தில் மரத்தை விற்றால் தூரையும் சேர்த்துத் தோண்டி எடுக்கும் பொறுப்பை எடுத்தவர் தலையில் கட்டுங்கள். காய் பழுப்பதற்கு முன் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். விதை மண்ணுக்குள் வருஷக் கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்கும் பின்னால் கன்று பிடுங்க ஊர் ஆட்களுக்குக் கூலி ஒதுக்குங்கள். திருத்திய இடத்தில் அழகுச் செடி வேண்டாம், உடையும் வன்னியும் வெள்வேலும் வையுங்கள், கொழுக்கட்டைப் புல் விதை தூவுங்கள். அன்றைக்கு எங்களைக் கேட்காமல் நட்டீர்கள். பிடுங்கும்போதாவது எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்து, உட்கார்ந்து, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.