புதுக்குவதும் தூக்கி எறிவதும்

தூக்கி எறிவதற்கு இந்தக் காலத்தில் நாகரிகமான ஒரு பெயர் கிடைத்திருக்கிறது: ‘அப்கிரேட்.’ தமிழில் ‘மேம்படுத்துதல்’ என்று அதற்குப் பட்டு வேட்டியும் கட்டிவிட்டார்கள்.

நார்த்தாமலையில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சிறிய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். மனு அடித்துத் தருவது, பட்டா நகல் எடுத்துத் தருவது, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு நோட்டீஸ் தயாரிப்பது – இவைதாம் அவருடைய ஜீவனம். கடையில் இரண்டு யந்திரங்கள். இரண்டும் பழசு, இரண்டும் நன்றாக ஓடுகின்றன. ஆனாலும் சென்ற முறை நான் போனபோது மனிதர் முகம் வாடியிருந்தது.

“ஐயா, இந்த ரெண்டையும் மாத்தியாகணுமாம். விண்டோஸ் 10-க்கு ஆயுசு முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 இதுல ஏறாதுங்கிறாங்க.”

“யார் சொன்னது தம்பி?”

“டவுன்ல யந்திரம் வித்த கடைக்காரர்தான். புதுசு வாங்கினா பழசை எடைக்கு எடுத்துக்கறேங்கிறார்.”

எடைக்கு! ஓடுகிற யந்திரத்தை, பழைய பேப்பரைப் போல!

விவகாரம் இதுதான். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு இலவசமாகக் கொடுத்துவந்த பழுதுநீக்கத்தை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கோ நிபந்தனைகள் அதிகம். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு யந்திரத்துக்குள் இருக்க வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. நம் இளைஞரின் யந்திரம் கெட்டுப்போகவில்லை. ஜாபிதாவில் அதன் பெயர் இல்லை, அவ்வளவுதான் குற்றம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் குறுக்கிட்டார்: “ஓடுற வரைக்கும் ஓடட்டும் தம்பி. நம்ம ஊர்ல எவன் வந்து திருடப் போறான்?”

வாத்தியாருடைய கட்சியையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்ற நச்சு மென்பொருள் உலகமெங்கும் யந்திரங்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து மார்ச் மாதமே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் அகப்பட்டுக்கொண்டார்கள். இனி மருந்தே வராத யந்திரத்தின் கதி என்ன? இந்தக் கடை யந்திரத்தில் ஊராரின் ஆதார் நகல் கிடக்கிறது. வங்கிப் புத்தகத்தின் படம் கிடக்கிறது. யந்திரம் கடைக்காரருடையதாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் ரகசியம் அவருடையதல்லவே!

ஆக, மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புதிய பாதுகாப்பு அமைப்பில் பலன் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பெயர் சூட்டுகிறார்களே, அங்கேதான் என் சண்டை.

அன்று மாலை மேலமலை ஏறினேன். அங்கே விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. இளங்கோவதியரையன் என்ற முத்தரையர் தலைவன் கட்டிய கற்றளி மழையால் இடிந்து பழுதானது என்றும், மல்லன் விடுமன் என்பவன் அதைச் சீர்செய்தான் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பழைய தமிழில் இந்தக் காரியத்துக்குப் ‘புதுக்குதல்’ என்று பெயர். புதிதாக்குவது என்றால் இடித்துத் தள்ளுவது என்று அவர்கள் அர்த்தம் பண்ணவில்லை. இருப்பதை நிற்க வைப்பது என்று அர்த்தம் பண்ணினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் கோயில் நிற்கிறது.

“கல்லும் மென்பொருளும் ஒன்றா?” என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். கல்லில் தினம் ஒரு திருடன் புது ஓட்டை கண்டுபிடிப்பதில்லை. அதனால்தான் மென்பொருளுக்குப் பழுதுபார்ப்பு இன்னும் அவசியம். ஒருவன் கட்டியதை இன்னொருவன் புதுக்க முடிந்தது. ஏனென்றால் கல்லை யாரும் பூட்டி வைக்கவில்லை. விண்டோஸின் மூலநிரலோ பூட்டிக் கிடக்கிறது. கட்டியவன் கைவிட்டால் வேறொருவன் கை வைக்க முடியாது. லினக்ஸ் போன்ற திறந்த மென்பொருளில் அந்தப் பூட்டு இல்லை.

இது வெறும் கனவு அல்ல. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யைக் கைவிட்டபோது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸை’ நிறுவும்படி தமிழக அரசே தன் துறைகளுக்குச் சொன்னது. சொன்னதைப் பிடிவாதமாகத் தொடர்ந்திருந்தால், இன்று ஒரு கம்பெனி குறித்த தேதிக்கு நாம் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்காது.

இளைஞருக்கு நான் சொன்ன யோசனை எளியது. ஒரு யந்திரத்தில் லினக்ஸ் போடுங்கள்; தமிழ் 99 விசைப்பலகை அதிலும் உண்டு, மனுவும் நோட்டீஸும் அதில் நடக்கட்டும். கைரேகைக் கருவி அதில் ஒத்துழைக்காமல் போகலாம். அதற்காக மற்ற யந்திரத்தை, வீட்டு உபயோகத்தாருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் ஓராண்டு நீட்டிப்பில் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இணையத்தோடு சேர்க்காதீர்கள். புதிது வாங்க நேர்ந்தால் ஒன்று மட்டும் வாங்குங்கள், இரண்டு வேண்டாம்.

விற்கிறவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. பத்து ரூபாய் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறோம். பல்லாயிரம் ரூபாய் யந்திரத்தின் பெட்டியில் ‘இன்ன தேதி வரை பழுது பார்ப்போம்’ என்று அச்சடிக்க என்ன தடை? அந்தத் தேதி தெரிந்திருந்தால் நம் இளைஞர் அன்றைக்கே யோசித்திருப்பார். இப்போது அவர் கடன் வாங்க யோசித்துக்கொண்டிருக்கிறார்.