காருக்குள் குடியேறும் பூஞ்சை!

பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூனில் ஒரு பருவம், அக்டோபரில் இன்னொன்று. துணி காயாது, செருப்பில் வெள்ளை பூக்கும், பீரோவைத் திறந்தால் ஒரு வாடை. காரில் ஏ.ஸி. போட்ட முதல் நிமிஷத்தில் அதே வாடை வருகிறதா? அப்படியானால் பீரோவில் இருக்கிற பூஞ்சை காருக்குள்ளும் குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நாம் செய்வது என்ன? ஒரு வாசனை பாட்டில் வாங்கி முன்னால் மாட்டுகிறோம்! அழுக்குச் சட்டைக்கு அத்தர் பூசுகிற கதைதான். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடலாம். "வண்டியில கேறினாத்தான் பிள்ளைக்குத் தும்மலு வருது, வீட்டுல ஒண்ணும் இல்ல" என்று புலம்புகிறவர்கள், டாக்டரைப் பார்ப்பதோடு ஏ.ஸி. ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

விஷயம் எளிது. டேஷ்போர்டுக்குப் பின்னால் 'எவாப்பரேட்டர்' என்று ஒரு குளிர்ந்த சுருள் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல, ஈரக்காற்று பட்டதும் அதில் நீர் கோத்து, ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டால் ஈரம், இருட்டு, தூசி... பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. வீடு சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஏ.ஸி. பட்டனை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். அடைமழை நாளில் சுருள் முழுக்கக் காயாதுதான்; ஆனாலும் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்காது.

அடுத்தது ஃபில்டர். பல கார்களில் முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கிற பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழற்றும் விதம் காரோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது. நாம்தான் அதைப் பிரிப்பதே இல்லை! மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக்கூடாது. கறுத்தோ, நாற்றமடித்தோ இருந்தால் புதிது போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மாற்றுவது நம் ஊருக்குச் சரியான கணக்கு.

ரப்பர் தோட்டத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் மரம் இலை கொட்டுகிற காலம். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. அங்கே மட்கிய இலையைக் கையால் அள்ளிப் போடுங்கள். தண்ணீர் பீய்ச்சி உள்ளே தள்ளாதீர்கள். அப்புறம், ரப்பர் ஷீட்டை டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு "ஏ.ஸி. நாறுது" என்று சொல்லாதீர்கள், சாமி!

இந்த ஈரத்தில் ஏ.ஸி. ஓடியும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை, கால் மிதியும் நனைந்திருக்கிறது என்றால் குழாய் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ப்ளீச்சிங், ஆசிட் எதையும் காற்று வருகிற வழியில் ஊற்ற வேண்டாம். அந்த ஆவி நேரே நுரையீரலுக்குத்தான் போகும்.

கேஸ் விவகாரத்திலும் கை வைக்காதீர்கள். பீறிட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும். அதே சமயம், வருஷா வருஷம் "கேஸ் ஏத்தணும்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். அது மூடிய அமைப்பு. அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான்.

சிலர் பயமுறுத்துவார்கள்: 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தங்கியவர்களுக்கு நிமோனியா வந்து பலர் இறந்தார்களே, அதுபோல கார் ஏ.ஸி.யிலும் வரும் என்று. அங்கே சந்தேகத்துக்கு ஆளானது ஹோட்டல் ஏ.ஸி.யின் பெரிய நீர்க்கோபுரம். கார் ஏ.ஸி.யில் அப்படித் தண்ணீர் தேங்கும் தொட்டியே கிடையாது. நமக்குள்ள தொல்லை அலர்ஜியும் இழுப்பும்தான்.

உயிர்ப்பயம் வேறிடத்தில் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏ.ஸி.யில் தூங்குவது! புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அணைக்கட்டைப் பார்க்க வந்து களைத்துப் போனால் எஞ்சினை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். மலைக்காற்று இருக்கிறதே, அது போதாதா?