மாணவரின் நேரம் ஊரின் பொறுப்பு

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நம் பள்ளிகளின் போக்கே மாறிவிடுகிறது. பிளஸ் டூ மாணவருக்குக் காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் இன்னொன்று, நடுவே அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வுகள். முதல் டவுன் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழும் பிள்ளை இருட்டிய பிறகே வீடு திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் தனக்கென்று உட்கார்ந்து படிக்க நேரம் வாய்க்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது, தெருமுனையில் ஒலிபெருக்கி அலறுகிறது, கைப்பேசியில் அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. மதிப்பெண் குறைந்தால் மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்கிறோம்: பிள்ளைக்குப் படிப்பில் கவனம் இல்லை.

இந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம். உழைக்க வேண்டியது மாணவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் உழைப்பு பலன் தருவதும் வீணாவதும், அவரது நேரத்தைப் பள்ளியும் வீடும் ஊரும் எப்படி நடத்துகின்றன என்பதைப் பொறுத்தது. எனவே மாணவரின் நேரத்தைக் காப்பது நம் எல்லோருக்கும் பொதுவான கடமை. யார் பங்கு என்ன என்று பிரித்துப் பார்த்தால், செய்யக்கூடியவை பெரும்பாலும் செலவில்லாதவை என்பது புரியும்.

மாணவரின் பங்கு

முதலில் மாணவரிடமே பேசுவோம். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே படிப்புமுறை. 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் ஒரு பகுதியை வாசித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் வாசித்தது. மற்ற மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு நினைவில் நின்றது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு.

இரவு எல்லாம் தெரிந்ததுபோல் இருந்த பாடம் தேர்வு அறையில் கைவிட்டுப் போவது இதனால்தான். பலமுறை கண்ணில் பட்டது பழகிப்போகிறது. பழகியதை மனத்தில் நின்றதாக நம்பிவிடுகிறோம். நெடுவினா ஒன்றைப் படித்தால் உடனே புத்தகத்தை மூடி, அதன் முக்கியக் குறிப்புகளை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். விடுபட்டவற்றை மட்டும் திரும்பப் படியுங்கள். அதே பாடத்தை மறுநாளும், சில நாள் கழித்தும், இரண்டு வாரம் கழித்தும் தொட்டுப் பாருங்கள். படித்தது நாளாக நாளாக எப்படி மறந்துபோகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே அளந்து காட்டிவிட்டார். மறக்கத் தொடங்கும் வேளையில் மீட்டெடுக்கும் பாடம் வேர் பிடிக்கும். இயற்பியல் கணக்குகளை இயல் வாரியாக மட்டும் போடாமல் கலந்து போட்டுப் பாருங்கள். வினாத்தாள் எந்தக் கணக்கு எந்த இயல் என்று சொல்லிக்கொடுக்காது.

இவ்வளவும் மாணவர் கையில் இருப்பவை. இவற்றைச் செய்ய அவருக்கு இடையூறில்லாத இரண்டு மணி நேரமும் நல்ல தூக்கமும் வேண்டும். அவை இரண்டும் அவர் கையில் மட்டும் இல்லை.

பள்ளியின் பங்கு

சிறப்பு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. தம் வீட்டு வேலையை விட்டுவிட்டுக் காலையிலேயே பள்ளிக்கு வந்து நிற்பவர்கள் அவர்கள். தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மாவட்டங்களையும் பள்ளிகளையும் வரிசைப்படுத்தும் வழக்கத்தின் சுமை முதலில் அவர்கள் தோளில்தான் விழுகிறது. கேள்வி அவர்கள் அக்கறையைப் பற்றியது இல்லை. அந்தக் கூடுதல் நேரம் எப்படிச் செலவாகிறது என்பதைப் பற்றியது. நடத்திய பாடத்தையே மறுபடி நடத்தி, எழுதிய விடையையே மறுபடி வாசிக்கச் சொன்னால் அந்த மணி நேரம் வீண். சிறப்பு வகுப்பின் பாதி நேரத்தையாவது மாணவர்கள் பார்க்காமல் எழுதவும், எழுதியதை அன்றே திருத்திக் காட்டவும் ஒதுக்கினால் அதே உழைப்பு இரட்டிப்புப் பலன் தரும்.

காலை, மாலை இரண்டு வேளையும் வகுப்பு என்ற நிலையும் மாற வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பதின்வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வர நேரமாகும். 2016இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. பிள்ளைகள் அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கண்விழிப்பார்கள் என்ற அச்சம் அங்கும் இருந்தது. ஆய்வில் தெரிந்ததோ மாணவர்களின் தூக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியது என்பதுதான். படித்ததை மூளை பதித்துக்கொள்வது தூக்கத்தில். தூக்கத்தைக் குறைத்து நடத்தும் காலை வகுப்பு, முந்தின நாள் படிப்பின் பலனையே அரித்துவிடுகிறது. இரண்டு வேளையில் ஒன்றை விட்டுவிட்டால் பிள்ளைகள் இழப்பது குறைவு, பெறுவது அதிகம்.

இன்னொரு வாய்ப்பும் கிடைத்திருக்கிறது. 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை, மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 கல்வியாண்டு முதல் அரசு நீக்கிவிட்டது. அதனால் கிடைத்த ஓராண்டை, பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே திணிக்கப் பயன்படுத்தக் கூடாது. எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொடுக்கும் ஆண்டாக அது அமையட்டும்.

வீட்டின் பங்கு

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு கணக்கு நெஞ்சைத் தைக்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை ஊதியமில்லாமல் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். ஆறு வயதிலிருந்து எல்லோரையும் சேர்த்து எடுத்த கணக்கு இது. பெரியவர்களிடம் உள்ள இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பிள்ளைகளைப் பழக்குவதும் நாம்தான். பள்ளி விட்டு வந்ததும் அண்ணன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறான். தங்கை குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். பொதுத்தேர்வு இருவருக்கும் ஒன்றே. வீட்டு வேலையை மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால், அதைவிடப் பெரிய கல்வி உதவியை எந்தத் திட்டமும் தந்துவிட முடியாது.

அடுத்து கைப்பேசி. கவனம் ஒருமுறை சிதறினால் படிப்புக்கு முழுமையாகத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் சண்டைதான் மிஞ்சும். மாலை ஏழு முதல் ஒன்பது வரை வீட்டில் உள்ள எல்லோருடைய கைப்பேசியும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்பாவுடையதும் அம்மாவுடையதும் சேர்த்து. தொலைக்காட்சித் தொடரும் அந்த இரண்டு மணி நேரம் நிற்கட்டும். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிவிட்டு, கைப்பேசியைத் தொடாதே என்று பிள்ளையிடம் சொல்வதில் பொருளில்லை. வீட்டுப்பாடம் கரும்பலகையிலேயே முடியட்டும்.

ஊரின் பங்கு

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லும் பொதுவிதி. கல்வி நிறுவனங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் ஊருக்கு வேண்டியவையே. அவற்றை நடத்துபவர்களின் பிள்ளைகளும் அதே தெருவில்தான் படிக்கிறார்கள். விழாக்குழுவும் படிக்கும் பிள்ளையும் காவல் நிலையத்தில் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை. தேர்வுக் காலத்தில் மாலை ஏழுக்குப் பிறகு கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பந்தலுக்குள் கேட்கும் பெட்டி போதும் என்று பேசி முடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு ஊர் இடம் தர வேண்டும். பொது நூலகத்துக்கென்று இந்தியாவிலேயே முன்னோடியாக 1948இல் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம். பள்ளி விட்டுப் பிள்ளை வந்து சேர்வதற்குள் பூட்டிவிடும் நூலகத்தால் அந்த விதியை எப்படிக் காக்க முடியும்? சென்னை கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்ற படிப்பிடங்கள் நகரங்களில் வரத் தொடங்கியிருக்கின்றன. சிற்றூருக்குப் புதுக்கட்டடம் தேவையில்லை. ஊர்ப்புற நூலகத்தையோ பள்ளியின் ஒரு வகுப்பறையையோ இரவு ஒன்பது வரை திறந்துவைத்து, நல்ல விளக்கும் பொறுப்பான ஒருவரும் இருந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரியில் படிக்கும் அக்கா, மகளிர் குழு உறுப்பினர் என்று முறைவைத்து உட்கார ஆள் இல்லாத ஊர் ஏது? பெண்பிள்ளைகள் திரும்பிப்போகும் பாதையில் தெருவிளக்கு எரிவதை ஊராட்சி உறுதிசெய்ய வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரம் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தோடு பொருந்தாவிட்டால் பணிமனை மேலாளரிடம் ஊராரே போய்ப் பேச வேண்டும்.

நாங்கள் தெருவிளக்கில் படித்தோம், சத்தத்துக்கு நடுவே படித்தோம், முன்னேறவில்லையா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் அதே தெருவில், அதே சத்தத்தில் படிக்க முடியாமல் பாதியில் நின்றவர்களின் கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒருவர் தாண்டி வந்த பள்ளத்தை அடுத்தவருக்காக மூடிவைப்பதே பெருந்தன்மை. பிள்ளைகளை எந்நேரமும் படிப்பிலேயே கட்டிப்போடுவதா என்று கவலைப்படுவோரும் உண்டு. அந்தக் கவலை சரியானது. ஒன்பது மணிக்குப் படிப்பு முடிந்து, விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறோம்.

இதைத் தொடங்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். சிறப்பு வகுப்பு ஒரு வேளை போதும், அதில் பாதி எழுதிப் பார்க்கும் நேரம் என்பதை அந்தக் குழுவில் ஆசிரியர்களோடு கலந்து பேசி முடிவுசெய்யலாம். ஜனவரி 26 கிராம சபை, பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது கூடுகிறது. தேர்வு முடியும்வரை மாலை ஏழு முதல் ஒன்பது வரை ஊரில் அமைதி, பிள்ளைகள் படிக்க வெளிச்சமுள்ள ஒரு பொது இடம் என்ற இரண்டையும் அங்கே தீர்மானமாக நிறைவேற்றலாம். நகரத்தில் குடியிருப்போர் நலச்சங்கமும் வார்டு உறுப்பினரும் இதே பொறுப்பை ஏற்கலாம். கட்சி, சாதி, தெரு என்று எதில் பிரிந்து நின்றாலும் பிள்ளைகளின் படிப்பில் நாம் பிரிந்து நிற்பதில்லை. அந்த ஒற்றுமையை இந்த ஆண்டே தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடுவோம். தேர்வு முடியும்வரை ஒவ்வொருவரும் தம் பங்கை நிறைவேற்றுவோம்.