பழகிவிடுமாம்!

விலை உயர்ந்த பேனாவின் முள் சண்டித்தனம் செய்தால் நம் ஊரில் எழுதுகிறவனின் கையைத்தான் குறை சொல்கிறார்கள். "எழுத எழுதப் பழகிவிடும், சார்!" பேனா வியாபாரத்தின் வேதவாக்கு இது. இதை நான் அடியோடு மறுக்கிறேன்.

தருமபுரியில் இருக்கும் எனக்குத் தபாலில் ஒரு பேனா வந்தது. பதினான்கு காரட் தங்க முள். ஆனால் ஒவ்வொரு எழுத்தின் ஆரம்பத்தையும் விழுங்கியது. 'அ' எழுதினால் சுழி இராது. விற்றவருக்கு எழுதினேன். "பழகும்" என்று பதில் வந்தது.

எது பழகும்? காகிதத்தைத் தொடுவது தங்கமே அல்ல. நுனியில் ஒட்டவைத்த கடின உலோகக் குமிழ். தேயக்கூடாது என்பதற்காகவே அதை அங்கே வைத்தார்கள். அது தேயும்வரை நாம் காத்திருக்க வேண்டுமாம்! பிளவின் இரு ஓரங்களையும் அளவு மீறி மழுக்கிவிட்டால் மை காகிதத்தை எட்டாது. இரு பாதிகளும் மேலும் கீழுமாக நின்றால் கீறும். இரண்டும் பட்டறைக் குற்றங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும், கண்டுபிடிக்க.

சாத்தூர் ஒரு காலத்தில் நிப்புகளுக்குப் பெயர்போன ஊர். சில காசு நிப்பைக்கூட மையில் தோய்த்து, கிறுக்கிப் பார்த்துத்தான் வாங்கினோம். ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது மட்டும் பெட்டியின் பட்டுத்துணியைப் பார்த்து மயங்கலாமா?

உப்புத்தாளில் நீங்களே தேய்க்காதீர்கள். பிறகு குற்றம் உங்களுடையதாகிவிடும். திருப்பி அனுப்புங்கள். பழக வேண்டியவர் விற்பவர்தான்.